யாதிரா தகடு அடிக்க மறுத்த வெள்ளிக்கிழமை

எஃப்ரேனின் பேனல் பட்டறையில் கடைசி வேலை யாதிராவுடையது. இரும்புப் பெட்டிக்குள் ஃபியூஸும் சுவிட்சும் வயரும் பூட்டி, சோதனையும் முடிந்த பிறகு, அவள் கதவில் ஒரு அலுமினியத் தகட்டை வைத்து நான்கு மூலையிலும் ரிவெட் ஆணி அடிப்பாள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எந்த மாதம் செய்தது என்பதெல்லாம் அந்தத் தகட்டில் இருக்கும். தகடு ஏறியதும் பெட்டி லாரிக்குப் போகும், லாரி பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் போகும். மெக்சிகோவின் எல்லை ஊரான ஹுவாரெஸில் பதினோரு வருடமாக அவள் இதைத்தான் செய்துவந்தாள்.

அந்த டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் படுத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை, கழுத்தில் கம்பளித் துண்டோடு வேலைக்கு வந்தாள். அமெரிக்கப் பக்கத்தில் லாஸ் க்ரூசெஸ் ஊருக்கு அருகே பீக்கன் கொட்டை உடைக்கும் ஆலை ஒன்றுக்கு எட்டுப் பேனல் ஆர்டர். அவள் இல்லாத செவ்வாய்க்கிழமை இரண்டு போய்விட்டன. மிச்சம் ஆறும் வரிசையாக நின்றன. மூன்று மணிக்கு லாரி.

"வாடி மகாராணி," என்றாள் ரோமெலியா. வயர் கட்டும் மேசையில் யாதிராவுக்கு எதிர்ப்பக்கம் உட்காருபவள். "நீ இல்லாம ரெண்டு தகடு நானே அடிச்சேன். ஒண்ணுகூட கோணல் இல்ல. வேணும்னா ஆலைக்குப் போன் போட்டுக் கேளு."

"கோணலா இருந்தா அவங்க தலையைச் சாய்ச்சுப் படிச்சுக்குவாங்க," என்று சொல்லிவிட்டு யாதிரா முதல் பெட்டியைத் திறந்தாள்.

தகடு அடிக்கும் முன் உள்ளே ஒருமுறை பார்ப்பது அவள் பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. திருகாணி, வயர்த்துண்டு ஏதாவது விழுந்து கிடக்கும். அன்று அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஃபியூஸுக்குக் கீழே இருந்த பிளாக் அவள் கண்ணை உறுத்தியது. உள்ளே வரும் தடித்த வயரை நாலைந்து மெல்லிய வயராகப் பிரித்துக் கொடுக்கும் கட்டை அது. எப்போதும் வருவதற்கு மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இதன் மூடி புகை படிந்த நிறம். டார்ச்சை அடித்துப் பக்கவாட்டில் பொடி எழுத்தைப் படித்தாள். வேறு கம்பெனி. வோல்ட் இருந்தது, ஆம்பியர் இருந்தது. அவள் தேடிய எண் மட்டும் இல்லை.

கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். ஷார்ட் சர்க்யூட் தாங்கும் அளவு: 65,000 ஆம்பியர்.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு முதல் ஆறு வருடம் தெரியாது. ஒருநாள் வேறு எங்கோ செய்த பழைய பெட்டி ஒன்று, அதே மாதிரி புதிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று பட்டறைக்கு வந்தது. அளவெடுக்கச் சொன்னார்கள். அதன் கதவு, உள்ளேயிருந்து யாரோ உதைத்தது போல வெளியே புடைத்திருந்தது. உட்சுவரெல்லாம் உருகித் தெறித்த செம்பு, கடுகு கடுகாக ஒட்டியிருந்தது. கைப்பிடியில் ஒரு கையுறையின் விரல் கருகிப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த விரலைச் சுரண்டி எடுத்தவள் யாதிராதான். எடுத்ததும் நேராக இன்ஜினியர் கமாலியேலிடம் போய், "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

கமாலியேல் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். கேட்டால் மறைக்காமல் சொல்லுவான். ஒரு ஆலையில் வயர் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால், ஒரு கண் இமைக்கும் நேரத்துக்குள் பல்லாயிரம் ஆம்பியர் பாய்ந்து வரும். எவ்வளவு வரும் என்பது அந்த ஆலையின் டிரான்ஸ்ஃபார்மரைப் பொறுத்தது. அந்த ஒரு இமைப்பொழுது பெட்டி வெடிக்காமல் தாங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. உள்ளே இருக்கும் சாமான்களில் எது குறைவாகத் தாங்குமோ, அதுதான் மொத்தப் பெட்டியின் அளவு. மற்றதெல்லாம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தப் புடைத்த பெட்டியின் தகட்டில் ஐயாயிரம் என்று இருந்தது. அது நின்ற இடத்தில் வந்தது இருபதாயிரத்துக்கு மேல்.

அன்றிலிருந்து தகட்டை அவள் வெறும் தகடாகப் பார்க்கவில்லை.

இப்போது அவள் ஆறு பெட்டியையும் திறந்து பார்த்தாள். ஆறிலும் புகை நிற மூடி.

"ரோமி, செவ்வாய்க்கிழமை போனதுல பிளாக் எப்படி இருந்தது?"

"பிளாக் பிளாக் மாதிரிதான் இருந்தது."

"மூடி என்ன நிறம்?"

ரோமெலியா வயர் வெட்டுவதை நிறுத்தினாள். "இதே நிறம்தான். ஏன்டி, முகம் ஏன் இப்படிப் போகுது? காய்ச்சல் திரும்புதா?"

யாதிரா போய் கமாலியேலைக் கூட்டிவந்தாள். அவன் குனிந்து படித்தான், மேசைக்குப் போய் கம்ப்யூட்டரில் தேடினான், திரும்பி வந்து மறுபடி படித்தான்.

"அக்கா, நான் வரைபடத்துல போட்டது இது இல்ல. நான் போட்டதை நம்ம ஃபியூஸோட சேர்த்துச் சோதிச்சிருக்காங்க. லட்சம் ஆம்பியர் வரைக்கும் தாங்கும்னு காகிதம் இருக்கு. இதுக்கு அப்படி ஒண்ணுமே இல்ல. காகிதம் இல்லாத பிளாக்குக்கு விதிப்படி பத்தாயிரம்தான்."

"ஆலையில எவ்வளவு வரும்?"

"முப்பத்தோராயிரம்." அவன் குரல் இறங்கிவிட்டது. "அவங்க அனுப்பின தாள்லயே இருக்கு."

முதலாளி எஃப்ரேன் கையில் புரிட்டோ ரொட்டிச் சுருளோடு ஆபீஸிலிருந்து வெளியே வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பட்டறையை ஒற்றை ஆளாக ஆரம்பித்தவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு கடி கடித்தார்.

"அதை வாங்கினது நான்தான்மா. நீங்க கேட்ட பிளாக் ஒன்பது வாரம் ஆகும்னாங்க. ஒன்பது வாரத்துல கொட்டை அறுவடையே முடிஞ்சுபோகும். இது கிடைச்சுது. அதே அளவு, அதே ஓட்டை, அதே திருகாணி. என்ன வித்தியாசம்?"

"ஷார்ட் ஆனா வித்தியாசம் தெரியும் முதலாளி," என்றாள் யாதிரா.

"முன்னாடி ஃபியூஸ் இருக்குல்ல? அது முதல்ல போயிடும்."

கமாலியேல் குறுக்கிட்டான். "போகும். அது போறதுக்குள்ள எவ்வளவு உள்ளே விடும், அதை இந்த பிளாக் தாங்குமான்னு யாரும் பார்த்ததில்ல சார். தாங்கலாம். தாங்காமலும் போகலாம்."

"அப்ப தாங்கும்னு வெச்சுக்குவோம். மூணு மணிக்கு லாரி. அடிம்மா தகடை."

யாதிரா ரிவெட் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனாலும் பட்டறையில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"இதுல அறுபத்தஞ்சாயிரம்னு எழுதியிருக்கு முதலாளி. அது பொய். நான் அடிக்க மாட்டேன்."

 எஃப்ரேன் ரோமெலியா பக்கம் திரும்பினார். "நீ அடி. செவ்வாய்க்கிழமை அடிச்சேல்ல?"

ரோமெலியா துப்பாக்கியைப் பார்த்தாள், யாதிராவைப் பார்த்தாள். அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "எனக்குக் கை வலிக்குது முதலாளி."

"எந்தக் கை?"

"எந்தக் கையால அடிக்கணுமோ அந்தக் கை."

யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். எஃப்ரேன் சிரிக்கவில்லை. புரிட்டோவைக் காகிதத்தில் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் முற்றத்தில் லாரி நிற்கும் இடத்தில், குளிரில், கோட்டு இல்லாமல் நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. யாதிராவுக்கு வீட்டு நினைவு வந்தது. பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள், புருஷனுக்கு நிலையான வேலை இல்லை. இந்த ஊரில் பட்டறைகள் நிறைய இருக்கலாம், சொன்ன பேச்சு கேட்காதவளை எடுத்துக்கொள்ளும் பட்டறை எத்தனை இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வைத்த கையால் துப்பாக்கியை மறுபடி எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

எஃப்ரேன் திரும்பி வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன.

"லாரியை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றார். "இந்த ஆறும் இங்கதான் இருக்கு. இதைச் சரி பண்ணிடலாம். போனது ரெண்டையும் என்ன பண்றது?"

 பதில் அவருக்கே தெரிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்து, ஆலை மேலாளர் வெண்டெலைக் கூப்பிட்டார். வெண்டெல் அரைகுறை ஸ்பானிஷில் பேசும் மனிதர். பின்னால் கொட்டை உடைக்கும் இயந்திரங்கள் இரைந்தன.

"வெண்டெல், நான் அனுப்பின ரெண்டு பேனல்ல தப்பு இருக்கு. கரண்ட் குடுத்துட்டீங்களா?"

"ஒண்ணு நேத்துல இருந்து ஓடுது. நல்லா ஓடுது. என்ன தப்பு?"

"என் தப்பு. நான் மாத்தி வாங்கின ஒரு சாமான். தகடுல போட்ட அளவை அது தாங்காது. தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க. நிறுத்தறப்ப யாரையும் கதவுக்கு நேரா நிக்க விடாதீங்க. வெளியே இருக்கற பெரிய சுவிட்சுல நிறுத்துங்க."

 வெண்டெல் பேசிய வார்த்தைகளில் பாதி ஆங்கிலம். எதற்கும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரெல்லாம் கொட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வாரம் இது, இருநூறு பேர் வேலை செய்கிறார்கள், உங்களை நம்பியது என் முட்டாள்தனம். எஃப்ரேன் தலையைக் குனிந்து அத்தனையும் கேட்டார். ஒரு இடத்தில்கூட எதிர்த்துச் சொல்லவில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கடைசியில் வெண்டெல் கேட்டார்.

எஃப்ரேன் யாதிராவைப் பார்த்தார். அவள் கமாலியேலைப் பார்த்தாள். "சரியான பிளாக் பாலத்துக்கு அந்தப் பக்கம் எல் பாசோல எங்கயாவது இருந்தா," என்றான் கமாலியேல், "இன்னைக்கு சாயந்திரம்."

பின்னால் இருந்த இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது போனில் கேட்டது. நிறுத்திவிட்டார்கள்.

பத்தரை மணிக்கு யாதிராவும் கமாலியேலும் அவனுடைய பழைய காரில் பாலத்தில் வரிசையில் நின்றார்கள். கார்களுக்கு இடையில் ஒருவர் கிறிஸ்துமஸ் தொப்பி விற்றார், ஒருவர் வறுத்த வேர்க்கடலை விற்றார். கமாலியேல் ஒவ்வொரு கடையாகப் போன் போட்டான். இல்லை, இல்லை, ஜனவரியில் வரும். ஐந்தாவது கடையில் மூன்று இருக்கிறது என்றார்கள்.

"மூணுதானா," என்றான்.

"மூணு இருந்தா ரெண்டு ஆலைக்கு. ஒண்ணு நமக்கு. மிச்சம் வரப்ப வரட்டும்," என்றாள் யாதிரா. "கரண்ட் இருக்கற இடம் முதல்ல."

கடைக்காரர் சுறுசுறுப்பான ஆள். மூன்று பெட்டியைக் கொண்டுவந்து கவுண்ட்டரில் வைத்தார். யாதிரா ஒன்றைத் திறந்தாள். மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கமாலியேல் பர்ஸை எடுத்துவிட்டான். அவள் அவன் கையைத் தடுத்து, பிளாக்கைத் திருப்பிப் பக்கவாட்டு எழுத்தைப் படித்தாள்.

"இது நாங்க கேட்ட நம்பர் இல்ல. கடைசி எழுத்து வேற."

"அது ஒண்ணுதாம்மா. புது மாடல். எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க, யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்ல."

"இருக்கலாம். எந்த ஃபியூஸோட சேர்த்து எவ்வளவு தாங்கும்னு காகிதம் இருக்குமே, அதைக் காட்டுங்க."

"முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், இதை யாரும் கேட்டதில்லையே."

"நானும் பதினோரு வருஷமா தகடு அடிக்கறேன். இன்னைக்குத்தான் கேக்கறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் தேடி, இரண்டு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார். கமாலியேல் விரலை வைத்து வரி வரியாகப் போனான். புது மாடல்தான். அவர்களுடைய ஃபியூஸின் பெயர் இருந்தது, பக்கத்தில் ஒரு லட்சம் என்று இருந்தது. "அக்கா, இருக்கு," என்றான், மூச்சு விட்டபடி. கடைக்காரர் இப்போது தானே குனிந்து அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கிளம்பும்போது, அதே புது மாடலில் இன்னும் ஐந்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் வரவழைத்துத் தருவதாக அவராகவே சொன்னார்.

லாஸ் க்ரூசெஸ் போகும் சாலையில் இரண்டு பக்கமும் பீக்கன் மரங்கள் இலையில்லாமல் நின்றன. கமாலியேல் காரை ஓட்டிக்கொண்டே திடீரென்று, "பிளாக் வந்த அன்னைக்கு நான் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்ல," என்றான். "வரைபடத்துல சரியா இருந்தா உள்ளேயும் சரியா இருக்கும்னு நெனச்சேன்."

"நான் காய்ச்சல்னு படுத்துட்டேன்," என்றாள் யாதிரா. "சாலையைப் பாருங்க சார்."

ஆலைக்குள் பீக்கன் ஓட்டின் தூசி மூக்கில் ஏறியது. வேலையாட்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வெண்டெல் கைகளைக் கட்டிக்கொண்டு பேனல் அருகே நின்றார், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஆலையின் எலெக்ட்ரீஷியன் எலோய் என்பவர், பேனலின் கதவைத் திறந்து வைத்திருந்தார். வயிறு பெருத்த, நரைத்த மீசைக்காரர்.

"நீங்கதான் மாட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

"என் விசாவுக்கு நான் இங்க வேலை செய்யக் கூடாது," என்றாள் யாதிரா. கோட்டுப் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள். "நீங்க மாட்டுங்க. நான் பாக்கறேன்."

"எங்க வீட்டுலயும் இதே ஏற்பாடுதான்," என்றார் எலோய். மூட்டைமேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெண்டெலின் கை கொஞ்சம் தளர்ந்தது.

எலோய் கரண்ட் இல்லை என்பதை மீட்டர் வைத்து மூன்று தடவை பார்த்தார். பிறகு வயர்களைக் கழற்றி, பழைய பிளாக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நேத்து பூரா இது முன்னாடிதான் நின்னேன்," என்றார், யாரிடமும் இல்லாமல். "கதவைத் திறந்து வெச்சு, மீட்டரைக் கையில வெச்சுக்கிட்டு." அதை அவர் குப்பையில் போடவில்லை. யாதிராவிடம் நீட்டினார். அவள் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

புது பிளாக்கின் மூன்றாவது திருகாணியை அவர் முறுக்கும்போது யாதிரா, "அது போதாது," என்றாள். "முறுக்கு அளவு காட்டற கருவி இருக்கா? கை கணக்கு வேண்டாம். தாள்ல எண் போட்டிருக்கு, அந்த எண்ணுக்கு முறுக்கினாத்தான் அந்தக் காகிதம் செல்லும்."

"முப்பது வருஷக் கை இது."

"நல்ல கைதான். காகிதத்துக்கு அது தெரியாதே."

எலோய் மீசைக்குள் சிரித்துக்கொண்டு கருவியை எடுத்துவரப் போனார். கமாலியேல் மற்ற சாமான்களை ஒவ்வொன்றாக வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது பேனலிலும் எலோய் அப்படியே பிளாக்கை மாற்றிய பிறகு, இரண்டு தகட்டிலும் இருந்த எண் உண்மையாகிவிட்டது. ஐந்து மணி வாக்கில், மலைகள் மேல் வெயில் சிவந்துகொண்டிருந்தபோது, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி எலோய் பெரிய சுவிட்சை ஏற்றினார். பெல்ட் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. முதல் கொட்டைகள் உடையும் சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போலப் பெருகியது. மூட்டைமேல் இருந்தவர்கள் எழுந்து தங்கள் இடங்களுக்குப் போனார்கள்.

வெண்டெல் நன்றி சொல்லவில்லை. வாசல்வரை கூடவே வந்தார்.

"உங்க முதலாளி போன் பண்ணாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார்.

"ஆமா," என்றாள் யாதிரா.

"என் ஆலையில இன்னும் பழைய பேனல் பதினாலு இருக்கு. எங்க அப்பா காலத்துல போட்டது. போன வருஷம் டிரான்ஸ்ஃபார்மரைப் பெருசா மாத்தினோம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுல என்ன எண் போட்டிருக்குன்னு நான் பார்த்ததே இல்ல."

கமாலியேல் பதினாலு என்று தன் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஐந்து பிளாக்கும் வந்தன. ஆறு பேனலுக்கும் தகடு ஏறியது. ரோமெலியாவுக்குக் கை வலி சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதை அவளே மூன்று தடவை சொன்னாள். எஃப்ரேன் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார். எந்தச் சாமானை மாற்றி வாங்கினாலும் யாதிராவின் கையெழுத்து இல்லாமல் பெட்டிக்குள் போகக் கூடாது, முதலாளி வாங்கியதாக இருந்தாலும். கடைசி மூன்று வார்த்தையை அடிக்கோடிட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு யாதிரா கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அறுவடை முடிந்து ஆலை ஓய்ந்த பிப்ரவரியில் அந்தப் பழைய பேனல்களைப் பார்க்கும் வேலையை எஃப்ரேன் ஏற்று, அமெரிக்கப் பக்கம் வேலை செய்ய வேண்டிய தாள்களை எல்லாம் முறைப்படி எழுதி வாங்கினார். ஒரு திங்கட்கிழமை காலை யாதிரா, ரோமெலியா, கமாலியேல் மூவரும் லாஸ் க்ரூசெஸுக்குப் போனார்கள். எலோய் காபி வைத்துக் காத்திருந்தார்.

முதல் பேனல் சுவர் ஓரத்தில், தூசிக்கு அடியில், பச்சை வண்ணம் உரிந்து நின்றது. எலோய் கரண்டை நிறுத்தி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். யாதிரா கதவைத் திறந்தாள். தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டை மட்டும் இருந்தது.

"போச்சு," என்றாள் ரோமெலியா. "இதுக்கு என்னன்னு எழுதறது?"

"ஒண்ணொண்ணா பார்ப்போம்," என்றாள் யாதிரா. "எது குறைச்சலோ அதை எழுதுவோம். அப்புறம் அதை மாத்துவோம்."

ரோமெலியா நோட்டைத் திறந்தாள். யாதிரா டார்ச்சை அடித்து, மேலிருந்து முதல் ஃபியூஸின் பெயரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.